லேசர் கட்டிங் புகையைப் பட்டறைக்குள் விடாமல் பிடிப்பது எப்படி

ஜிஐ ஷீட்டை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டை, நாள் முழுக்க வெட்டிவிட்டு வீட்டுக்குப் போன ஹெல்பருக்கு ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்குக் குளிர் எடுக்கும். வாயில் செப்புக் காசை வைத்துச் சப்பியது போல ஒரு சுவை, வறட்டு இருமல், உடம்பு வலி, காய்ச்சல். மாத்திரை போட்டுப் படுத்தால் ஓரிரு நாளில் சரியாகிவிடும். ‘பனி ஒத்துக்கலை’ என்று வீட்டில் சொல்வார்கள். பனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஷீட்டின் மேல் பூச்சாக இருந்த துத்தநாகம் லேசர் சூட்டில் ஆவியாகி, காற்றில் கலந்ததும் துத்தநாக ஆக்சைடுத் தூளாக மாறி, நுரையீரலின் அடிவரை போயிருக்கிறது. இதற்கு உலோகப் புகைக் காய்ச்சல் என்று பெயர். மூச்சில் ஏறி 4 முதல் 10 மணி நேரம் கழித்துத்தான் இது தலைகாட்டும். அதனால்தான் யாரும் வேலையோடு இதை முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. தொடர்ந்து வெட்டும் நாள்களில் உடம்பு கொஞ்சம் பழகிக்கொள்ளும். ஞாயிறு லீவில் அந்தப் பழக்கம் விட்டுப்போகும். திங்கட்கிழமை ராத்திரி மறுபடியும் குளிரும்.

இந்தக் காய்ச்சலாவது வந்து சொல்லிவிட்டுப் போகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புகை எதையும் சொல்வதில்லை. பத்து, இருபது வருடம் கழித்துத்தான் கணக்குக் கேட்கும்.

பட்டறைகளில் ஒரு நம்பிக்கை உண்டு: பாலும் வாழைப்பழமும் வெல்லமும் சாப்பிட்டால் புகை வயிற்றோடு போய்விடும் என்று. சாப்பிடுவது இரைப்பைக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. இரண்டும் சந்திப்பதே இல்லை. வெல்லம் வாங்கும் காசை ஃபில்டருக்குச் சேர்த்து வையுங்கள்.

மெஷினை ஆன் செய்யும் முன்: இது என்ன ஷீட்?

கஞ்சமலை அடிவாரத்து உருக்காலை 1981-ல் ஸ்டெயின்லெஸ் ஷீட் உருட்டத் தொடங்கிய ஊர் இது. எஸ்எஸ் வேலைக்குச் சேலத்தில் என்றைக்கும் பஞ்சமில்லை. ஆனால் ‘எஸ்எஸ்’ என்று பில்லில் எழுதினால் போதாது, கிரேடு தெரிய வேண்டும். 304 என்றால் நூற்றுக்கு ஏறக்குறைய 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். கேட், கிரில், கைப்பிடி வேலைக்கு விலை குறைவென்று வாங்கும் 202-ல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசை 7.5 முதல் 10 பங்கு வரை ஏற்றியிருப்பார்கள். வெட்டும்போது இவை எல்லாமே புகையில் வரும்.

குரோமியம் சூட்டில் ஆக்சிஜனோடு சேரும்போது அதில் ஒரு பகுதி ஆறு இணைதிறன் குரோமியமாக மாறுகிறது. மூக்கின் நடுச்சுவரைப் புண்ணாக்கி ஓட்டை போடக்கூடியது, ஆஸ்துமாவைக் கிளப்பக்கூடியது, நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று ஐயத்துக்கு இடமில்லாமல் வகைப்படுத்தப்பட்டது. நிக்கல் சேர்மங்களும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான அதே முதல் வகுப்பில்தான் இருக்கின்றன. வெல்டிங் புகையையும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2017-ல் அந்த வகுப்பில் சேர்த்தது. மாங்கனீசு பிடிப்பது நரம்பை: கை நடுக்கம், நடை தடுமாற்றம், பேச்சு மெதுவாவது. 202 மலிவு என்பதால் அதன் புகையும் லேசு என்று நினைத்துவிடக் கூடாது.

அளவைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு. 2 மி.மீ. ஷீட்டில் வெட்டுக்கோட்டின் அகலம் 0.2 மி.மீ. என்று வைப்போம். ஒரு மீட்டர் வெட்டினால் காணாமல் போகும் உலோகம் சுமார் 3 கிராம். ஒரு மணி நேரத்தில் 300 மீட்டர் வெட்டினால் ஏறத்தாழ 950 கிராம். இதில் பெரும்பகுதி உருகிச் சொட்டி அடி டிரேயில் விழுந்துவிடும். நூற்றில் ஒரு பங்குதான் புகையாகிறது என்று வைத்தாலும் 9.5 கிராம். 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயர ஷெட்டில் அது அப்படியே நின்றால் ஒரு கன மீட்டர் காற்றில் 30 மில்லிகிராம். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வெல்டிங் புகைக்கு வைத்திருந்த வரம்பு 5 மில்லிகிராம். நீரில் கரையும் குரோமேட்டுகளுக்கு வைத்தது 0.05 மில்லிகிராம். அமெரிக்காவில் 2006-லிருந்து ஆறு இணைதிறன் குரோமியத்துக்கான வரம்பு எட்டு மணி நேரச் சராசரியாக 5 மைக்ரோகிராம், அதாவது 0.005 மில்லிகிராம். கதவு வழியே முக்கால்வாசி வெளியே போய்விட்டாலும் மிச்சம் இருப்பது ஏன் அதிகம் என்று இப்போது தெரியும்.

எஸ்எஸ் ஷீட்டின் மேல் ஒட்டிவரும் பிளாஸ்டிக் ஃபிலிமையும் கவனியுங்கள். லேசருக்கென்று வருவது பாலிஎத்திலீன் ஃபிலிம். சில ஷீட்டில் பிவிசி ஃபிலிம் ஒட்டியிருக்கும். அதை அப்படியே வெட்டினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். சந்தேகமாக இருந்தால் ஃபிலிமை உரித்துவிட்டு வெட்டுங்கள். ஷீட்டில் கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டுக்கொள்ளலாம்.

பழைய இரும்புக் கடையில் எடுத்த, பெயின்ட் அடித்த எம்எஸ் (சாதாரண இரும்பு) தகட்டின் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். வெட்டுக்கோடு போகும் இடத்தில் பெயின்ட்டை ரசாயன ரிமூவர் போட்டு எடுங்கள், கிரைண்டர் போட்டால் அந்த ஈயத்தையே தூளாக்கிச் சுவாசிப்பீர்கள். வெள்ளிக் கொலுசு வேலையில் லேசர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பற்றுப்பொடியில் காட்மியம் கலந்திருந்தால் அந்தப் பற்று இருக்கும் இடத்தில் பீமைக் காட்டவே கூடாது. காட்மியம் புகை ஒரே நாளில் நுரையீரலை வீங்க வைக்கும், நாள்பட்டால் கிட்னியைக் கெடுக்கும்.

சிஓ2 லேசர் மெஷினில் வெட்டும் சாமான்கள்: பிளாஸ்டிக், மரம், துணி

பிவிசியை லேசரில் வெட்டக் கூடாது. கொஞ்சமாக, மெதுவாக, ஒரே ஒரு பீஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. வரும் ஹைட்ரஜன் குளோரைடு ஈரத்தில் பட்டதும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். கண்ணிலும் தொண்டையிலும் ஈரம் இருக்கிறது. மெஷினின் ரெயிலிலும் காற்றின் ஈரம் படிந்திருக்கிறது. நேற்றுவரை பளபளத்த லீனியர் ரெயிலில் இன்று பழுப்பாகத் துரு பூத்திருந்தால், யாரோ ரெக்சினையோ ஃபோம் போர்டையோ வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கடையில் ‘ரெக்சின்’, ‘ஃபோம் ஷீட்’, ‘சன்போர்டு’ என்று விற்பவை பெரும்பாலும் பிவிசிதான்.

கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. ஒரு அடி நீளச் செம்புக் கம்பியை இடுக்கியில் பிடித்துக்கொண்டு கேஸ் டார்ச் நெருப்பில் செக்கச்செவேல் என்று காய்ச்சுங்கள். நெருப்பில் எந்த நிறமும் தெரியாமல் போகும்வரை காய்ச்ச வேண்டும், பழைய அழுக்கு இருந்தால் சோதனை பொய் சொல்லும். அந்தச் சூட்டோடு கம்பியைப் பிளாஸ்டிக்கின் ஓரத்தில் தொட்டு, ஒட்டிக்கொண்ட துளியோடு மறுபடி நெருப்பில் காட்டுங்கள். நெருப்பு பளிச்சென்று பச்சையானால் குளோரின் இருக்கிறது. அந்த சாமானை வெளியே வையுங்கள். இந்தச் சோதனையை வாசலில், காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று செய்ய வேண்டும், துளி போதும்.

அக்ரிலிக் வெட்டும்போது வருவது மெத்தில் மெத்தாக்ரிலேட் ஆவி. தலைவலி, கண்ணெரிச்சல், சிலருக்குத் தோல் அலர்ஜி. நல்ல எக்ஸாஸ்ட் இருந்தால் வெட்டலாம். இங்கே மூக்கை நம்பக் கூடாது. வாசனை காலையில் குப்பென்று அடிக்கும், கால் மணி நேரத்தில் தெரியாமல் போய்விடும். போனது வாசனை இல்லை, மூக்கின் உணர்வு. வெளியிலிருந்து டீ கொண்டு வரும் பையன் ‘என்னண்ணா இந்த நாத்தம்’ என்று கேட்டால் அவன் மூக்கை நம்புங்கள்.

எம்டிஎஃப் (மரநாரை ஒட்டி அழுத்திய பலகை), பிளைவுட் இரண்டிலும் ஒட்டுவதற்குப் போட்ட பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வரும், கூடவே தார் போன்ற பிசுக்கு. அந்தப் பிசுக்கு ஹோஸின் உள்ளே படிந்து, ஒருநாள் ஒரு பொறி போய் விழுந்தால் தீப்பிடிக்கும். எம்டிஎஃப் அதிகம் வெட்டும் கடையில் மாதம் ஒருமுறை ஹோஸைக் கழற்றி உள்ளே பாருங்கள். ஏபிஎஸ் பிளாஸ்டிக் வேண்டாம், அதில் ஹைட்ரஜன் சயனைடு வரும். பாலியூரித்தேன் பஞ்சும் வேண்டாம், அதில் ஐசோசயனேட்டும் சேரும். டெஃப்லான் வேண்டவே வேண்டாம்.

சேலை பார்டர், பூ டிசைன் வெட்டும் யூனிட்டுகள் ‘துணிதானே’ என்று எக்ஸாஸ்டே இல்லாமல் ஓட்டுவதுண்டு. பாலியஸ்டர் புகை தொண்டையை அறுக்கும். பட்டு, கம்பளி இரண்டும் புரதம்; நைலானைப் போலவே நைட்ரஜன் இருப்பதால் கருகும்போது சயனைடு வாயு கொஞ்சம் வரவே செய்யும். வெண்பட்டில் ஒரு ஓரம் வெட்டுவது வேறு, எட்டு மணி நேரம் மூடிய அறையில் வெட்டுவது வேறு.

புகையைப் பிடிக்க வேண்டிய இடம்

உலோகம் வெட்டும் ஃபைபர் லேசரில் நாசில் வழியே வரும் கேஸ் புகையை வெட்டு வழியாகக் கீழே தள்ளுகிறது. ஆகவே புகையில் பெரும்பங்கு ஷீட்டுக்கு அடியில்தான் பிறக்கிறது. மேலே தெரிவது பியர்சிங் சமயத்தில், ஓட்டை விழும் அந்த ஒரு நொடியில் துப்பும் புகையும், அடியிலிருந்து ஓரமாக ஏறி வருவதும்தான். கூரையில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினால் என்ன ஆகும்? அடியில் பிறந்த புகை ஆபரேட்டரின் முகத்தைக் கடந்துதான் கூரைக்குப் போகும். கூரை ஃபேன் அறைச் சூட்டுக்கு உதவும், புகைக்கு அது தீர்வு இல்லை. ஷீட்டைத் தாங்கும் பெட்டின் அடியிலிருந்து இழுக்க வேண்டும்.

எவ்வளவு இழுக்க வேண்டும்? 3 மீட்டருக்கு 1.5 மீட்டர் பெட்டின் பரப்பு 4.5 சதுர மீட்டர். முழுவதையும் இழுத்தால் ராட்சத புளோயர் வேண்டும், அது தேவையில்லை. நல்ல மெஷினில் பெட்டின் அடி அரை மீட்டர் அகல அறைகளாகப் பிரிந்திருக்கும். வெட்டும் தலை எங்கே நிற்கிறதோ அந்த அறையின் டேம்பர், அதாவது காற்று வழியைத் திறந்து மூடும் தட்டு, மட்டும் திறக்கும். ஒரு சமயத்தில் இரண்டு அறை திறந்தால் 1.5 சதுர மீட்டர். அங்கே காற்று கீழ்நோக்கி வினாடிக்கு 0.5 முதல் 0.8 மீட்டர் போனால் புகை திரும்பி வராது. அதாவது மணிக்கு 2,700 முதல் 4,300 கன மீட்டர். புளோயர் கடைக்காரரின் கணக்கில் 1,600 முதல் 2,500 சிஎஃப்எம் (நிமிடத்துக்குக் கன அடி). புளோயரின் பெயர்ப்பலகையில் இருப்பது எதுவும் மாட்டாத நிலையில் தரும் அளவு. டக்ட் (காற்றுக் குழாய்), வளைவு, ஃபில்டர் எல்லாம் சேர்ந்தபின் எத்தனை மி.மீ. நீர் அழுத்தத்தில் எத்தனை சிஎஃப்எம் தரும் என்ற வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்க முடியாதவரிடம் புளோயரும் வாங்க வேண்டாம்.

டேம்பர்தான் அதிகம் கெடும் இடம். சொட்டிய உலோகம் அதன் கீலில் ஒட்டி, பாதி திறந்த நிலையிலேயே நின்றுவிடும். ஆறு டேம்பரும் கொஞ்சம் கொஞ்சம் திறந்திருந்தால் இழுவை ஆறாகப் பிரிந்து எங்குமே போதாமல் போகும். வாரம் ஒருநாள் மெஷினை நிறுத்தி, மின்சாரத்தை மெயினில் துண்டித்துவிட்டு, ஒவ்வொரு தட்டையும் கையால் திறந்து மூடிப் பாருங்கள். நியூமேட்டிக் டேம்பராக இருந்தால் காற்று லைனையும் மூடிவிட வேண்டும், விரல் போய்விடும். சின்ன ஷீட் வைக்கும்போது மீதி பெட் திறந்தே கிடப்பதும் இழுவையைத் தின்னும். பழைய ஷீட் துண்டை வைத்து மூடினால் வெட்டும் இடத்தில் இழுவை கூடும். பைசா செலவில்லாத வேலை இது, பலர் செய்வதில்லை.

டக்ட் விட்டம் கணக்குப் போட்டு எடுங்கள். மணிக்கு 4,300 கன மீட்டர் என்றால் 300 மி.மீ. டக்ட், உள்ளே காற்று வினாடிக்கு சுமார் 17 மீட்டர் போகும். உலோகத் தூள் படியாமல் அடித்துப்போக இது போதும். கையில் இருக்கிறதென்று 450 மி.மீ. டக்ட் போட்டால் வேகம் 7.5 மீட்டருக்கு இறங்கி, தூள் அடியில் படிய ஆரம்பிக்கும், 200 மி.மீ. போட்டால் புளோயர் திணறும். சுருள் ஹோஸ் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. வளைவை 90 டிகிரி பெட்டி மூலையாக அடிக்காமல், டக்ட் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு ஆரத்தில் சுற்றித் திருப்பச் சொல்லுங்கள்.

சிஓ2 மெஷினோடு வரும் 550 வாட், 750 வாட் சின்ன புளோயரை மெஷின் பக்கத்திலேயே தரையில் வைத்துவிட்டு, ஹோஸை ஜன்னல் வழியே நீட்டுவார்கள். இது தலைகீழ். புளோயருக்கு அப்புறம் உள்ள ஹோஸில் காற்று வெளியே தள்ளும் அழுத்தத்தில் இருக்கும். ஒரு சின்னக் கிழிசல் வழியே புகை முழுவதும் அறைக்குள் வரும். புளோயரைச் சுவரின் வெளிப்பக்கம், ஹோஸின் கடைசி முனையில் மாட்டுங்கள். அப்போது அறைக்குள் இருக்கும் ஹோஸ் முழுக்க உறிஞ்சும் நிலையில் இருக்கும். கிழிந்தாலும் அறைக் காற்றைத்தான் உள்ளே இழுக்கும். சத்தமும் குறையும்.

வெளியே போகும் குழாய் கூரை உச்சிக்கு மேல் 3 மீட்டராவது நிற்கட்டும். பக்கத்து வீட்டு மாடி ஜன்னல் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மழைக்கென்று மேலே குடைமூடி மாட்டாதீர்கள்; அது புகையைக் கீழே திருப்பிவிடும். குழாயைவிட அங்குலம் இரண்டு அங்குலம் பெரிய இன்னொரு குழாயை வெளிச்சுற்றில் பொருத்தி மேலே நீட்டினால், மழைத்தண்ணீர் இரண்டுக்கும் நடுவே வடியும், புகை நேராக மேலே போகும். சேர்வராயன் மலை, நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று சுற்றிலும் மலை நிற்கும் கிண்ணத்தில் இருக்கும் ஊர் நம்முடையது. மார்கழி விடியற்காலையில் காற்று அசையாது. தாழ்வாக விட்ட புகை தெருவிலேயே நிற்கும், அதே புகை உங்கள் ஷெட்டுக்குள்ளேயே திரும்பி வரும்.

இழுத்த அளவுக்குக் காற்று உள்ளே வரவும் வேண்டும். ஏசிக்காகவோ திருட்டு பயத்திலோ எல்லாவற்றையும் மூடிவிட்டு 4,300 கன மீட்டர் இழுக்கச் சொன்னால் புளோயர் எங்கிருந்து இழுக்கும்? கதவைத் திறக்கக் கனமாக இருந்தால், திறந்ததும் காற்று விசுக்கென்று உள்ளே பாய்ந்தால், வரும் வழி போதவில்லை என்று பொருள். ஆபரேட்டரின் முதுகுப் பக்கச் சுவரில் 1.2 சதுர மீட்டர் அளவுக்கு லூவர், அதாவது சாய்வுப் பட்டை வைத்த காற்றுத் திறப்பு, வைத்தால் காற்று அவரைக் கடந்து பெட்டை நோக்கிப் போகும்.

அடுத்தது பெடஸ்டல் ஃபேன். சித்திரை, வைகாசியில் தகர ஷெட்டுக்குள் நாற்பது டிகிரி தாண்டும்போது ஃபேன் வேண்டாம் என்று யாரிடமும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் பெட்டின் மேல் வீசும் ஃபேன் அடியிலிருந்து இழுக்கும் காற்றைச் சிதறடித்துவிடும். வினாடிக்கு 0.5 மீட்டர் இழுவையை 3 மீட்டர் வீச்சு சுலபமாகத் தோற்கடிக்கும். ஃபேனை ஷீட் அடுக்கும், பிசிறு தட்டும் பக்கத்துக்கு நகர்த்துங்கள். வெட்டு ஓடும்போது ஆபரேட்டர் பெட்டுக்கு மேல் குனிந்து நிற்க வேண்டியதில்லை. கன்ட்ரோல் பேனலை மூன்று மீட்டர் தள்ளி வைத்து அங்கே ஃபேன் போடுங்கள். கூரைக்கு வெள்ளை அடித்தால் ஷெட்டின் சூடும் குறையும், ஃபேன் சண்டையும் குறையும்.

ஊதுபத்தியும் டார்ச்சும்

எக்ஸாஸ்ட் வேலை செய்கிறதா என்று பார்க்க மீட்டர் வாங்க வேண்டியதில்லை. புளோயரை ஓடவிட்டு, லேசரை அணைத்து, வெட்டும் தலை நிற்கும் இடத்தில் ஷீட் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை தயங்காமல் கீழே மடங்கிப் போக வேண்டும். நேராக மேலே போனாலோ பக்கவாட்டில் அலைந்தாலோ இழுவை போதாது. நான்கு மூலையிலும், நடுவிலும், கதவு இடுக்கிலும் பாருங்கள். மூலைகளில்தான் பெரும்பாலும் தோற்கும். எம்டிஎஃப் தூளோ துணிப் பிசிறோ கிடக்கும் பெட்டில் முதலில் சுத்தம் செய்துவிட்டுப் பத்தியைக் கொண்டு போங்கள்.

புகைத் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சின்னவை, பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. இருட்டியபின் ஷெட் விளக்குகளை அணைத்துவிட்டு வெட்டை ஓட்டி, பெட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர் பலமான டார்ச்சை உங்கள் பக்கம் பார்க்கப் பிடிக்கட்டும். டார்ச்சை ஒரு அட்டையால் உங்கள் கண்ணுக்கு மறைத்துவிட்டு, ஒளிக்கற்றையின் ஓரத்தைப் பாருங்கள். மாட்டுக் கொட்டகைக் கீற்றில் சூரிய ஒளி விழுந்தால் தூசி தெரியுமே, அதே சங்கதி. எந்த இடுக்கிலிருந்து புகை கசிகிறது, எந்த உயரத்தில் மிதக்கிறது என்று அப்பட்டமாகத் தெரியும். மெஷினின் பாதுகாப்புக் கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு இதைச் செய்யக் கூடாது, ஃபைபர் லேசரின் ஒளி கண்ணுக்குத் தெரியாமலே விழித்திரையைச் சுடும்.

கதவைத் திறக்கும் அவசரமும் கவனிக்க வேண்டியது. கடைசி வெட்டு முடிந்ததும் பெட்டிக்குள் புகை நிற்கிறது. ஃபைபர் மெஷினில் அரை நிமிடம், அக்ரிலிக் வெட்டிய சிஓ2 மெஷினில் இரண்டு நிமிடமாவது புளோயர் ஓடியபின் மூடியைத் திறக்கட்டும். புளோயர் ஓடாவிட்டால் லேசர் சுடாதபடி இன்டர்லாக் போடச் சொல்லுங்கள். மின்சாரக்காரருக்கு இது ஒரு மணி நேர வேலை.

ஃபில்டர்

புகையை நேராக வெளியே விடுவது ஊருக்குச் செய்யும் அநியாயம், குறிப்பாக எஸ்எஸ் புகையை. டெஃப்லான் சவ்வு ஒட்டிய கார்ட்ரிட்ஜ், தானாகக் காற்று அடித்துத் தட்டிக்கொள்ளும் வகை நல்லது. காற்று 5 முதல் 6 பார், அதில் தண்ணீரும் ஆயிலும் இருக்கக் கூடாது. கம்ப்ரஸர் டிரெயின் செய்யாத பட்டறையில் கார்ட்ரிட்ஜ் சேறாகி அடைத்துக்கொள்ளும். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம் காட்டும் கேஜ் கட்டாயம். புதிதாக மாட்டிய அன்று காட்டும் எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். அடித்துத் தட்டியபிறகும் 1,500 பாஸ்கலுக்கு மேல், அதாவது 150 மி.மீ. நீர் அழுத்தத்துக்கு மேல் நின்றால் மாற்றும் நேரம். திடீரென்று எண் குறைந்தால் மகிழ வேண்டாம், கார்ட்ரிட்ஜ் கிழிந்திருக்கிறது.

கார்ட்ரிட்ஜும், அதற்குப் பின்னால் வைக்கும் எச்13 ஹெப்பா நுண்தூள் ஃபில்டரும் தூளைத்தான் பிடிக்கும். அக்ரிலிக் ஆவிக்குக் கரி ஃபில்டர் வேண்டும். கரி நிறைந்தால் வெளியே தெரியாது, பிடித்ததையே திருப்பி விடும். மாட்டும்போது எடை போட்டு வையுங்கள், அப்புறம் எடை கூடுவது நின்றுபோனால் மாற்றுங்கள். ஃபார்மால்டிஹைடைச் சாதாரணக் கரி சரியாகப் பிடிக்காது, அதற்கென்று மருந்து ஏற்றிய கரி உண்டு. வடிகட்டிய காற்றைத் திரும்ப அறைக்குள் விடுவதை எஸ்எஸ் வேலையில் தவிர்த்துவிடுங்கள்.

அலுமினியத் தூள் எரியும், சரியான அளவில் காற்றில் மிதந்தால் வெடிக்கும், தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் விடும். இரும்பும் அலுமினியமும் தூள் பிடிக்கும் ஒரே கலெக்டரில் சேர்ந்தால் அலுமினியம் இரும்பு ஆக்சைடோடு வினைபுரிந்து அணைக்கவே முடியாத சூட்டில் எரியும். இரண்டையும் வெட்டுகிறவர் மாற்றுமுன் கலெக்டரையும் டக்ட்டையும் முழுதாகச் சுத்தம் செய்ய வேண்டும், அலுமினியம் அதிகம் என்றால் தனி கலெக்டர். கலெக்டருக்கு முன்னால் பொறி அடக்கும் பெட்டி வைக்காத இடத்தில் ஃபில்டர் தீ வருவது நாள் கணக்குதான்.

நைட்ரஜன்

நைட்ரஜன் போட்டு எஸ்எஸ் வெட்டினால் குரோமியம் ஆக்சிஜனேறாது, ஆகவே பயமில்லை என்று ஒரு பேச்சு உண்டு. வெட்டுக்குள் ஆக்சிஜன் இல்லை, சரி. வெட்டைத் தாண்டிக் கீழே வந்ததும் அந்தச் சூடான ஆவி சந்திப்பது சாதாரணக் காற்றைத்தான். எக்ஸாஸ்ட் அதற்கும் வேண்டும். இன்னொன்று, நைட்ரஜனுக்கு வாசனை இல்லை, மூச்சு முட்டாது, நேராக மயக்கம்தான். லிக்விட் சிலிண்டரோ ஜெனரேட்டரோ மூடிய சின்ன அறையில் இருந்தால் சுவரில் ஆக்சிஜன் அலாரம் வையுங்கள். காற்றில் 20.9 சதவீதம் இருக்க வேண்டியது 19.5-க்கு இறங்கினால் அது கத்த வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடாதீர்கள். கதவைத் திறந்து, வால்வை மூடி, 108-ஐ அழையுங்கள். இப்படிக் காப்பாற்றப் போனவரும் சேர்ந்து விழுவதுதான் இந்த விபத்தின் வழக்கம்.

மாஸ்க்

கர்ச்சீஃப், துண்டு, நீல சர்ஜிக்கல் மாஸ்க் மூன்றும் இந்தப் புகைக்கு ஒன்றுதான்: தடுப்பதில்லை. டிரே கொட்டும்போதும் ஃபில்டர் மாற்றும்போதும் ஐ.எஸ். 9473 முத்திரையோடு எஃப்எஃப்பி3 போடுங்கள். இல்லாவிட்டால் பி100 தட்டு மாட்டிய ரப்பர் அரைமுக மாஸ்க். அக்ரிலிக்குக் கூடவே ஆவி பிடிக்கும் கார்ட்ரிட்ஜ். மூன்று நாள் தாடி இருந்தால் ஓரம் ஒட்டாது, புகை சுலபமான வழியில்தான் போகும். போட்டதும் தட்டுகளைக் கையால் மூடி மூச்சை இழுங்கள், மாஸ்க் முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். நாள் முழுக்க மாஸ்க் போட்டால்தான் வெட்ட முடியும் என்ற நிலை வந்தால் எக்ஸாஸ்ட்டைத் திருத்துங்கள். அந்த வெயிலில் எட்டு மணி நேரம் யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

டிரே, தூள், துணி

காலை முழுக்க நன்றாக இழுத்த பட்டறை, சாயங்காலம் ஏர் கன்னால் பெட்டை ஊதும் ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் திருப்பிக் காற்றில் விடுகிறது. ஏர் கன், தென்னந்துடைப்பம் இரண்டும் வேண்டாம். ஹெப்பா போட்ட இண்டஸ்ட்ரியல் வேக்கம், அப்புறம் ஈரத்துணி. அலுமினியத் தூளுக்கு இரண்டும் கூடாது. அதற்கென்று பொறி பறக்காத வேக்கம் வேண்டும். வீட்டு வேக்கம் கிளீனர் நுண்தூளை பின்பக்கம் விட்டுவிடும். கலெக்டர் டப்பாவில் சேரும் எஸ்எஸ் தூளைத் தடித்த பையில் கட்டி, மேலே ‘குரோமியம், நிக்கல் தூள்’ என்று எழுதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்ற அபாயக் கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். குப்பைத் தொட்டியிலோ ஓடையிலோ போகக் கூடாது. ஹெல்பரின் சட்டை பட்டறையிலேயே கழற்றப்பட வேண்டும். அந்தச் சட்டையோடு குழந்தையைத் தூக்கக் கூடாது. டீ, பீடி, டிபன் எல்லாம் கை கழுவியபின், ஷெட்டுக்கு வெளியே.

டாக்டரிடம் போகும்போது

வேலைக்குச் சேரும்போது ஒருமுறை, அப்புறம் வருடம் ஒருமுறை நுரையீரல் ஊதும் சோதனை, ஸ்பைரோமெட்ரி, எடுத்து ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். தனித்தனி ரிப்போர்ட்டைவிட வருடத்துக்கு வருடம் எண் எப்படி இறங்குகிறது என்பதுதான் பேசும். மூக்கில் அடிக்கடி ரத்தம், பொருக்கு, வார நாளில் கூடி ஞாயிற்றுக்கிழமை குறையும் இருமல், கையில் ஆறாத சின்னப் புண், புதிதாக வந்த நடுக்கம், இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலும் இஎஸ்ஐக்குப் போனாலும் ‘கம்பெனி வேலை’ என்று சொல்லி நிறுத்தாதீர்கள். ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்: லேசர் கட்டிங், எத்தனை வருடம், 304-ஆ 202-ஆ ஜிஐயா அக்ரிலிக்கா, எக்ஸாஸ்ட் உண்டா, கடைசியாக என்று வெட்டியது. குரோமியம், மாங்கனீசு இரண்டாலும் வரும் நோய்கள் சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. டாக்டரின் குறிப்பில் அந்தப் பெயர்கள் ஏறினால்தான் பிற்பாடு கேட்க வழி இருக்கும்.